கை தூக்கியவர்கள்

ஸ்விட்சர்லாந்து என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சாக்லேட், வாட்ச், பனிமலையில் ஹிந்தி டூயட். பெட்ரா வோல்பே இயக்கிய 'தி டிவைன் ஆர்டர்' (2017) கிடைத்தால் பாருங்கள். 1971-ல் ஒரு கிராமத்து மனைவி வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். புருஷன் 'கூடாது' என்கிறான். சட்டமும் அவன் பக்கம்! (அந்தச் சட்டம் மாறியது 1988-ல்தான்.) தேசிய அளவில் பெண்களுக்கு ஓட்டு வந்ததும் 1971-ல். வெள்ளைக்காரன் ஆண்ட இலங்கையில் 1931-லேயே கொடுத்தாச்சு. அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பர்களை ஓட்டுப் போடவிடாமல் தடுக்கப் 'படிப்பறிவுப் பரீட்சை' என்று ஏதாவது தில்லுமுல்லு தேவைப்பட்டது, 1965 சட்டம் வரும்வரை. அப்பன்ஸெல் இன்னர்ரோடன் என்ற குட்டி ஸ்விஸ் மாநிலத்தில் அந்தச் சிரமம்கூட இல்லை. ஆண்கள் மைதானத்தில் கூடிக் கை தூக்கியே மறுத்தார்கள். 1990-ல் கோர்ட் தலையிட்டது.

படம் நன்றாகத்தான் இருக்கிறது, சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஓட்டு கிடைத்ததும் சுபம் போட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. அதே நாட்டில் 2009-ல், இனி மசூதிகளுக்கு மினார் கட்டக் கூடாது என்று ஒரு வாக்கெடுப்பு. ஆதரவு 57.5 சதவிகிதம். இந்தத் தடவை பெண்களும் சேர்ந்துதான் ஓட்டுப் போட்டார்கள். நாடு முழுக்க அப்போது இருந்த மினார்கள், நாலு.