'ஐ' என்னும் ஓரசை

ஸ்பானிய மொழியின் வினைகளில் என்னை அதிகம் கவர்ந்தது, 'இருக்கிறது', 'உண்டு' என்று பொருள்படும் 'ஐ'. எழுத்தில் முதலில் ஒரு எச் உண்டு, அது ஒலிக்காது. 'அபேர்' என்ற வினையின் வடிவமான 'ஆ'வோடு, 'அங்கே' என்று பொருள்பட்ட 'இ' ஒட்டிப் பிறந்தது இது. அந்த 'அங்கே' இன்று யார் காதிலும் விழுவதில்லை.

ஸ்பானிய வினைகள் ஆளுக்கும் எண்ணுக்கும் ஏற்ப விகுதி மாற்றிக்கொண்டே இருப்பவை. இதுவோ மாறாது. ஒரு புத்தகம் இருந்தாலும் ஐ, ஆயிரம் இருந்தாலும் ஐ. காரணம், இதற்கு எழுவாயே கிடையாது. இறந்தகாலத்திலும் அதே விதிதான்: 'அபீயா' என்று ஒருமையில் நிற்க வேண்டும். லத்தீன் அமெரிக்காவில் பலர் 'அபீயான்' என்று பன்மையாக்கிப் பேசுகிறார்கள். இலக்கணக்காரர்கள் திருத்துகிறார்கள், பேச்சு கேட்பதாயில்லை. எனக்கு அந்தப் பிடிவாதமும் பிடிக்கிறது.

தெருவில் ஒரு வங்கி உண்டா என்று கேட்க 'ஐ' வேண்டும். தெரிந்த வங்கி எங்கே என்று கேட்டால், இருக்கும் இடத்தைக் குறிக்கும் 'எஸ்தா' என்ற வேறு வினை வந்துவிடும். புதிதாக ஒன்றை நம் முன் நிறுத்துவதே 'ஐ'யின் வேலை.

பின்னால் 'கே' சேர்ந்தால் கடமை பிறக்கிறது. 'ஐ கே எஸ்பெரார்': காத்திருக்க வேண்டும். யார் என்ற பேச்சே இல்லை. சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்தே காத்திருக்கலாம். நன்றி சொன்னவருக்கு 'நோ ஐ தே கே' என்பார்கள். நன்றிக்கு இதில் எதுவுமில்லை என்று பொருள்.