நாலந்தா கெடிகேயிலிருந்து கீழக்கரைப் பள்ளிவாசல் வரை

மாத்தளை மாவட்டத்திலிருந்து பழம்பெரும் பள்ளிவாசல்களைக் காணப் புறப்படும் பயணி முதலில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டிய கட்டடம் பள்ளிவாசல் அன்று. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் ஏறத்தாழ நடுவே, ஏ9 நெடுஞ்சாலையிலிருந்து சற்றே கிழக்கில் விலகி, போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கும் நாலந்தா கெடிகே என்னும் பௌத்த வழிபாட்டிடமே அது. சுவரோடு கூரையும் கல்லாலோ செங்கல்லாலோ அமைந்த புத்தர் படிமமனையைச் சிங்களத்தில் கெடிகே என்பர். பொ.ஆ. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாக ஆய்வாளர்கள் கருதும் இச்சிறு கட்டடத்தைத் தமிழகக் கோயில்களில் பழகிய எவரும், உள்ளே இருப்பது யார் என்று அறியாமல் தொலைவிலிருந்து பார்த்தால், பல்லவர் காலச் சிவன் கோயில் என்றே சொல்வர். அடித்தளமாகிய அதிட்டானம், சுவரைப் பகுத்துக்காட்டும் அரைத்தூண்கள், மழைநீரை வெளியே தள்ளும் வளைந்த இறவாரமாகிய கொடுங்கை, அக்கொடுங்கையின்மேல் குதிரைலாட வடிவில் எழும் கூடுகள், பூதகணங்கள், விமானத்தின் தென்முகத்தில் அமர்ந்த குபேரன் என அனைத்தும் திராவிடக் கட்டட மரபின் உறுப்புகளாகவே இருக்க, கருவறைமட்டும் புத்தருக்கு உரியதாக இருக்கிறது.

இந்த உறவுக்கு வரலாற்றில் ஒரு வழி உண்டு. 7ஆம் நூற்றாண்டில் நாடிழந்த சிங்கள இளவரசன் மானவம்மன் காஞ்சியில் முதலாம் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து, பல்லவப் படையின் துணையால் பின்னர் ஈழத்து அரியணையைப் பெற்றான் என்று இலங்கை வரலாற்று நூலாகிய சூளவம்சம் கூறுகிறது. படையோடு கலையும் கடல் கடந்தது என்பதில் வியப்பில்லை. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின்கீழ் நீர்த்தேக்கம் உருவானபோது, தாழ்நிலத்தில் நின்ற கெடிகே கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திய மேட்டில் மீண்டும் கோக்கப்பட்டது. வெட்டிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய கட்டடமாகையால்தான் அது இயன்றது. மாத்தளை மாவட்டத்துக்கு வருவோருள் பெரும்பாலார் சிகிரியாவின் உயரத்துக்கும் தம்புள்ளைக் குகைகளின் வண்ணத்துக்கும் விரைந்து, இதை வழியிலேயே விட்டுச் செல்கின்றனர். கட்டடக் கலையில் ருசியுள்ளவர்களுக்கு அது பெரிய இழப்பு.

நாலந்தா கற்பிப்பது இதுதான்: கட்டடத்தின் உறுப்புகள் கைவினைஞரின் மரபுக்கு உரியவை, அக்கட்டடம் எந்த வழிபாட்டுக்கு உரியது என்பதை அதன் உள்ளமைப்பும் அங்கே மனிதர் நின்று இயங்கும் முறையுமே தீர்மானிக்கின்றன. குவிமாடத்தையும் மினாராவையும் கண்டால்தான் பள்ளிவாசல் என்று நம்பும் கண் இதை எளிதில் ஏற்காது. எனினும் தொழுகைக்கு வேண்டியவை தூய்மையான தரை, மக்காவிலுள்ள கஃபாவை நோக்கிய கிப்லா என்னும் திசை, தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்க இடம் ஆகிய மூன்றே. கிப்லாத் திசையைக் காட்டும் சுவர்மாடமாகிய மிஹ்ராப்கூட, மதீனாப் பள்ளிவாசல் உமையாக் கலீபா வலீதின் காலத்தில் 707ஆம் ஆண்டளவில் புதுப்பிக்கப்பட்டபோதுதான் குழிவான வடிவத்தைப் பெற்றது என்பர். ஆகவே சீனத்துச் சியான் நகரப் பெரிய பள்ளிவாசல் அந்நாட்டு மரக்கூடங்களைப் போலவும், சாவகத்துத் தெமாக் பள்ளிவாசல் அடுக்குக் கூரையோடும், 1510இல் போர்த்துக்கேயரால் எரியூட்டப்பட்டு மீண்டும் எழுந்த கோழிக்கோட்டு மித்கால் பள்ளி மலையாளத்து மரவேலைப்பாட்டோடும் நிற்பதில் மார்க்கத்துக்கு முரணானது எதுவும் இல்லை.

கண்டி இராச்சியத்தின் மலைநாட்டில் வாழ்ந்த முஸ்லிம்கள், பொதிமாடுகளின் வரிசையாகிய தவளத்தில் உப்பும் கருவாடும் மேலே ஏற்றி, மிளகும் பாக்கும் கரைக்கு இறக்கியவர்கள். அரச போக்குவரத்துப் பிரிவாகிய மடிகே பத்தவில் அவர்களுக்கு இடமிருந்தது. மாத்தளையின் வாசனைத் திரவிய வணிகத்திலும் அவர்களின் பங்கு பழையது. அவர்கள் வழிவந்தோரின் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவும் காலந்தோறும் விரிவாகிச் சீமெந்துக் கட்டடங்களாக மாறிவிட்டமையால், பழைய கல்வேலையைத் தேடுவோர் பாக்கு நீரிணையைக் கடந்து, முத்து, மணி வணிகத்துக்காக இலங்கைக்கு வந்துபோன மரைக்காயர் என்னும் முஸ்லிம் வணிகர்களின் ஊராகிய கீழக்கரைக்குச் செல்வதே தகும்.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள கீழக்கரையின் பெரிய ஜும்ஆப் பள்ளிவாசல், வள்ளல் சீதக்காதி என்று தமிழுலகம் போற்றும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் 17ஆம் நூற்றாண்டில் கட்டுவித்ததாக வழங்குவது. ஜும்ஆப் பள்ளி என்பது வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகையும் குத்பா என்னும் சொற்பொழிவும் நடைபெறும் பள்ளி. கீழக்கரை அடங்கிய சேதுநாட்டைக் கிழவன் சேதுபதி ஆண்ட காலம் அது. கோயில் மண்டபங்களைக் கட்டிப் பழகிய கல்தச்சு மரபு அந்நாட்டில் உயிர்ப்போடு இருந்த காலமும் அதுவே. அம்மரபின் முழுத் திறத்தையும் இப்பள்ளிவாசலில் காணலாம். வளைவுகள் கட்டடத்தைத் தாங்கவில்லை. தூணும், தூணின் தலையில் இருபுறமும் நீண்டு பாரத்தை ஏந்தும் போதிகையும், அதன்மேல் கிடத்திய உத்திரமும், அதற்கும் மேலே பரப்பிய கற்பலகையும் சேர்ந்து தட்டையான கூரையைச் சுமக்கின்றன. கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு வளைவிசையைத் தாங்காது என்பதால் உத்திரம் நீளும் தொலைவுக்கு எல்லை உண்டு. அதனால்தான் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. போதிகை முன்னோக்கி நீள்வதும் அத்தொலைவைக் குறைக்கவே. அழகுக்காகச் செய்ததுபோல் போதிகையின் நுனியில் தோன்றும் வாழைப்பூத் தொங்கலின் பின்னால் இப்படி ஒரு பொறியியல் தேவை இருப்பதை அறிந்த பின்னரே அதன் அழகும் முழுமையாகப் புலப்படும்.

கோயில் மண்டபத்துக்கும் இத்தொழுகைக் கூடத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர, உள்ளே சில அடி நடந்தால் போதும். கிழக்கு நோக்கிய கோயிலில் அடியார் மேற்கு முகமாக நடந்து, மண்டபம் மண்டபமாகக் குறுகியும் இருண்டும் செல்லும் வழியின் முடிவில் கருவறையை அடைகிறார். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக அமைவதால், பள்ளிவாசலிலும் கிழக்கில் வாயில் வைத்து மேற்கு நோக்கி நிற்கச் செய்ய முடிகிறது. தச்சருக்குப் பழகிய அச்சையே ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொள்ளும் வசதி இந்நிலப்பரப்புக்குக் கிடைத்த நற்பேறு என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த அச்சில் நீளும் ஆழம் இங்கே தேவையில்லை. முதல் வரிசையில் நிற்பதற்குத் தனிச் சிறப்பு உண்டென்பதால், ஸஃப் எனப்படும் தொழுகை வரிசைகள் பக்கவாட்டில் நீளவே கூடம் விரும்புகிறது. குவிந்து முடியும் கருவறைக்குப் பதிலாக மேற்குச் சுவரில் வெறுமையான ஒரு மாடமும், அதன் அருகே குத்பா நிகழ்த்தும் படிமேடையாகிய மிம்பரும் இருக்கின்றன. ஒரே வகைத் தூண்களைக் கொண்டே, ஒரு புள்ளியை நோக்கிச் செலுத்தும் இடத்தையும் பலரைச் சமமாகப் பரப்பி நிறுத்தும் இடத்தையும் படைக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கட்டடங்கள் அரிது.

செதுக்கு வேலையை நிதானமாகப் பார்ப்பது நல்லது. கோயில் தூணில் யாளியும் தெய்வமும் அடியாரும் நிறைந்திருக்கும் சதுரப் பரப்புகளில், உயிர் உருவங்களை விலக்கும் நெறியின்படி, தாமரையும் கொடியும் வட்டமும் கோணமும் இடம்பெறுகின்றன. இங்கே உளியின் வேலை குறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. உருவத்தின் முகபாவத்தில் செலவிட வேண்டிய கவனம் முழுவதும் இதழின் மடிப்பிலும் விளிம்பின் கூர்மையிலும் இறங்கியிருக்கிறது. தூணின் சதுரம் எண்கோணமாக மாறும் மூலைகளில் கோயில் தச்சர் நாகபந்தம் என்னும் பாம்புப்பட வடிவை வைப்பர். பள்ளிவாசலில் அதே மூலைகளை எப்படி முடித்திருக்கிறார்கள் என்று தூணுக்குத் தூண் ஒப்பிட்டுப் பார்ப்பது தேர்ந்த ரசிகரின் வேலை. மெஹ்ர்தாத் ஷொகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய நூல், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் பள்ளிவாசல்களை வரைபடங்களோடு பதிவு செய்து, இவை தமக்கெனத் தனி மரபு உடையவை என்பதை உலக ஆய்வாளர்களுக்கு உணர்த்தியது. இதே சீதக்காதியின் ஆதரவு பெற்ற உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தில் நாட்டுப்படலமும் நகரப்படலமும் அமைத்து, அரபு மண்ணைத் தமிழ்க் காப்பிய மரபுக்கேற்ற நீர்வளத்தோடு பாடினார் என்பதையும் இங்கே நினைக்கலாம். கல்தச்சரும் புலவரும் ஒரே காலத்தில் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

நெடும்பயணம் இயலாதவர்களுக்கு இலங்கையிலேயே வேறு வகைக் கல்வி கிடைக்கும். காலிக் கோட்டைக்குள், வெளிச்சவீட்டுக்கு அருகே 1904இல் எழுந்த மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல், இரட்டைக் கோபுர முகப்போடு ஐரோப்பியத் தேவாலயம் போலத் தோன்றுவது. உள்ளே சென்று மிஹ்ராபைக் கண்ட பின்னும் ஐயம் தீராதோர் உண்டு. கொழும்பு புறக்கோட்டையில் 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த ஜாமிஉல் அல்ஃபார், அதாவது மக்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சிவப்புப் பள்ளி என்றும் அழைக்கும் பள்ளிவாசல், தென்னிந்திய முஸ்லிம் வணிகர் விரும்பிய இந்திய–சரசனிக் பாணியை, முறையான கட்டடக்கலைப் பயிற்சி பெறாத ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை தம் போக்கில் விரித்த படைப்பு. செங்கல்லின் சிவப்பும் வெள்ளையும் பட்டைபட்டையாகவும் கட்டங்கட்டமாகவும் மாறிமாறி வர, மாதுளம்பழ வடிவக் குவிமாடங்கள் மேலே நெருங்கி நிற்கின்றன. அளவுக்கு மீறிய அலங்காரம் என்று சிலர் முகம் சுளிப்பர். அந்த நெரிசலான கடைத்தெருவில் அளவோடு கட்டியிருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

ஒரு கட்டடத்தை அதன் தோற்றத்தையும் அது நிற்கும் நிலத்தையும் வைத்து யாருடையது என்று முடிவு கட்டும் பழக்கம் மாத்தளை மாவட்டத்தில் கலை விவாதத்தோடு நிற்கவில்லை. 2012 ஏப்ரல் 20ஆம் நாள் வெள்ளிக்கிழமை, பௌத்தப் புனித பூமியில் இருப்பதாகக் கூறித் தம்புள்ளைப் பள்ளிவாசலை அகற்றக் கோரிய கூட்டம் அங்கே திரண்டதால் அன்றைய ஜும்ஆத் தொழுகை நடைபெறவில்லை. தமிழகத்துக் கோயில் வடிவில் பௌத்த மனையாக நாலந்தா நிற்பதும் அதே மாவட்டத்தில், தம்புள்ளைக்குச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலைக்கு அருகில்தான்.

பழைய பள்ளிவாசல்களுக்கு வேறோர் இடையூறு அன்பின் மிகுதியால் வருவது. கருங்கல் தூணுக்குப் பளபளக்கும் எனாமல் வண்ணம் பூசினால் உளியின் கூர்மை முழுதும் மழுங்கிவிடும். தரையை உயர்த்தி ஓடு பதித்தால் தூணின் பீடம் புதைந்து, அதன் உயர அளவே குலைந்துவிடும். கோயில்களில் மணல்வீச்சால் கற்சிற்பங்களைச் சுரண்டிய தவற்றுக்கு இது குறைந்ததன்று. தொழுவோர் பெருகும்போது இடம் பெருக்குவது தவிர்க்க இயலாதது. பழைய கூடத்தைத் தொடாமல் அதன் பக்கத்தில் கட்டுவதே அறிவுடைமை.

காணச் செல்வோர் ஐவேளைத் தொழுகை நேரங்களையும், குறிப்பாக வெள்ளி நண்பகலையும் தவிர்த்து, நண்பகல் தொழுகையாகிய லுஹருக்கும் பிற்பகல் தொழுகையாகிய அஸருக்கும் இடைப்பட்ட பொழுதைத் தேர்ந்தெடுத்தால், பக்கவாட்டு ஒளியில் செதுக்கு வேலையும் நன்கு தெரியும், இமாமோ நிருவாகத்தாரோ பேசவும் ஓய்ந்திருப்பர். காலணியை வெளியே விட்டு, கைகால் மூடும் உடையோடு, பெண்கள் தலையையும் மூடி, வாயிலில் அனுமதி கேட்டே நுழைய வேண்டும். பெண்களை உட்கூடத்துக்குள் அனுமதிப்பது ஊருக்கு ஊர் மாறும் வழக்கம் என்பதால் அதை முன்னரே விசாரித்துக்கொள்வது மனக்கசப்பைத் தவிர்க்கும். தொழுவதற்குமுன் கைகால் முகம் கழுவும் ஒளூவுக்கான நீர்த்தொட்டியாகிய ஹவ்ளு முற்றத்தில் இருந்தால், அதில் கால் நனைக்காமல் அதன் கற்கட்டை மட்டும் பார்க்க வேண்டும். தனியே தொழுதுகொண்டிருப்பவர் ஒருவர் உள்ளே இருந்தாலும் அவருக்கு முன்னால் குறுக்கே நடத்தல் ஆகாது. அவர் முடிக்கும்வரை பின்தூண்களின் போதிகைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அங்கே பார்க்கப் போதுமான அளவு வேலைப்பாடு இருக்கிறது.