தலைகீழ்க் கோட்டையும் ஆடியுலகக் கொள்கையும்

கொனாமி நிறுவனம் 1997ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் கருவிக்கென வெளியிட்ட 'காசில்வேனியா: சிம்பொனி ஆஃப் த நைட்' என்னும் வீடியோ விளையாட்டில் கோட்டைகள் இரண்டு உள. ஒன்று நிமிர்ந்து நிற்பது. மற்றொன்று அதன் உச்சிக்கு மேலே வானினின்றும் தலைகீழாகத் தொங்குவது. இவ்விரண்டாம் கோட்டை யாது, எவ்வாறு தோன்றியது என்பதை விளையாட்டு விரித்துரைக்கவில்லை. நூலாசிரியன் கூறாது விட்ட இடத்தில் உரையாசிரியர் பலர் தோன்றுதல் இயல்பு. அவ்வாறே இவ்விளையாட்டில் ஈடுபாடுடையோர் பலரும் தத்தமக்குத் தோன்றிய விளக்கங்களைக் கூறி வருகின்றனர். அவற்றுள் பெரிதும் விரும்பப்படுவது, தலைகீழ்க் கோட்டை என்பது நிமிர்ந்த கோட்டையின் நிழலுருவே, அஃது ஓர் ஆடியுலகமே என்னும் கொள்கையாகும். அக்கொள்கை விளையாட்டின் அகச்சான்றுகளோடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கதை 1797ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்துள்ளது. டிராகுலாவை முன்னர் வென்ற ரிக்டர் பெல்மாண்ட் என்னும் வீரன் மறைந்து போகின்றான்; டிராகுலாவின் கோட்டை மீண்டும் தோன்றுகின்றது. டிராகுலாவுக்கும் லிசா என்னும் மானிடப் பெண்ணுக்கும் பிறந்த அலுகார்ட் அதனை அழிக்கப் புகுகின்றான். கோட்டையின் உச்சியில் அவன் காண்பது தந்தையை அன்று; கோட்டைக்குத் தலைவன் யானே எனக் கூறும் ரிக்டரை. அங்கே ரிக்டரைக் கொன்றுவிட்டால் விளையாட்டு முடிந்துவிடும். மரியா என்பாள் அளிக்கும் புனிதக் கண்ணாடியை அணிந்து போரிட்டாலோ, ரிக்டரை ஆட்டிவைக்கும் பசிய உருண்டை ஒன்று அவன் தலைக்கு மேலே புலப்படும். அதனைத் தாக்கி அழித்த பின்னரே வானத்துக் கோட்டை வெளிப்படும். சாஃப்ட் என்னும் மந்திரவாதியின் சூழ்ச்சியால் ரிக்டர் மதிமயங்கியிருந்தான் என்பதும் அப்போதே விளங்கும்.

ஆடியுலகக் கொள்கையினர் முதற்கண் காட்டும் சான்று கண்ணுக்கு எளிதில் புலனாவது. ஓர் உச்சியை நோக்கி மற்றோர் உச்சி இறங்கி நிற்கும் காட்சி, நீரில் தோன்றும் மாளிகையின் நிழலை ஒத்திருத்தல் உண்மையே. ஆயினும் கோட்டையின் வரைபடத்தை ஊன்றி நோக்குவார்க்கு வேறொன்று புலப்படும். நீரிலோ ஆடியிலோ தோன்றும் நிழல் மேல்கீழாக மாறுமாயின், இடவலம் மாறாது. நிமிர்ந்த கோட்டையின் நுழைவாயில் இடப்பக்கத்துக் கீழ்ப்பகுதியில் உள்ளது. அதன் நிழலில் வாயில் இடப்பக்கத்து மேற்பகுதியில் அமைதல் வேண்டும். விளையாட்டிலோ அது வலப்பக்கத்து மேற்பகுதியில் உள்ளது. வலப்பக்கத்தே நின்ற வெளிமதில் இடப்பக்கத்துக்கு வந்துவிடுகின்றது. இடப்பக்கத்துத் தேவாலயம் வலப்பக்கம் சேர்கின்றது. மேல்கீழும் இடவலமும் ஒருங்கே மாறுதல் நிழலின் இயல்பன்று, சுழற்சியின் இயல்பு. ஒரு தாளைக் கையில் வைத்து அரைச்சுற்றுச் சுற்றினால் எது கிடைக்குமோ அதுவே இங்குக் கிடைப்பது.

இவ்வேறுபாட்டைச் சிறிதென ஒதுக்குதல் பொருந்தாது. வலக்கையின் உறையை எத்துணை முறை சுழற்றினும் அஃது இடக்கை உறையாகாது. ஆடி மட்டுமே அதனை இடக்கை உறையாகக் காட்டும். எனவே ஆடி காட்டுவது பொருளின் மாற்றுரு. சுழற்சி தருவதோ அப்பொருளே. தலைகீழ்க் கோட்டை நிமிர்ந்த கோட்டையின் போலியன்று. நிலை மாறிய அக்கோட்டையே ஆகும். 'இரண்டு ஆடிகளை எதிரெதிர்க் கோணத்தில் வைத்தால் இவ்வாறு தோன்றுமன்றோ' எனின், தோன்றும். ஆனால் ஓராடி மாற்றியதை மற்றோராடி மீட்டும் மாற்றுவதால் கிடைப்பது மாறாத உருவே ஆதலின், அவ்வாதமும் நம் கருத்தையே அரண்செய்யும்.

கொள்கையினர் காட்டும் இரண்டாம் சான்று இலக்கிய மரபு பற்றியது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா' புதினத்தில் அக்கோமகனின் உருவம் ஆடியில் தோன்றுவதில்லை. உடலுக்கு நிழலுரு இல்லாமையால் அவன் உறையுளே நிழலுருக் கொண்டது என்பர் இவர். (புதினம் 1897, விளையாட்டு 1997, அதன் கதைக்காலம் 1797 எனும் நூற்றாண்டு ஒழுங்கு இன்பந்தருவதே, அதற்குமேல் அதன்மேல் எடை ஏற்றலாகாது.) விளக்கம் அழகியது. ஆனால் தன்னைத் தானே மறுப்பது. டிராகுலா ஆடியில் தோன்றான் எனின், ஆடியுலகத்தில் அவனுக்கு இடமில்லை. விளையாட்டிலோ அலுகார்ட் தன் தந்தையை நேர்கொண்டு காண்பது தலைகீழ்க் கோட்டையில் மட்டுமே. நிமிர்ந்த கோட்டையின் அரியணையில் இருந்தவன் மயக்குண்ட மற்றொருவன். ஆடியில் இல்லாதவன் ஆடிக்குள் மட்டுமே உளன் எனக் கொள்ளல் எங்ஙனம்?

இவ்விடத்தில் தமிழில் எழுதுவோர்க்கு ஒரு சொல் தடையாகின்றது. 'கண்ணாடி' என நாம் வழங்கும் ஒரு சொல், முகம் பார்க்கும் ஆடியையும் கண்ணில் அணியும் வில்லையையும் குறிக்கும். மரியா தருவது பின்னது. ஆடி நோக்குவான் தன்னையே காண்பான், அதுவும் இடவலம் மாறக் காண்பான். வில்லை அணிந்தவன் தன் முன்னுள்ள பொருளைத் தெளியக் காண்பான். இரண்டாம் கோட்டையின் வாயிலைத் திறக்கும் கருவியாக ஆக்கியோர் ஓர் ஆடியை வைத்திருக்கலாம், வைத்திலர். மயக்கத்தின் பின்னுள்ள உண்மையைக் காட்டும் வில்லையையே வைத்தனர். கொள்கையினர் இதனைக் கருதாமை வியப்பே.

இனி, அக்கோட்டை கனவு அல்லது மாயை என்பார் கருத்து. இதனை மறுக்கும் சான்று கதையின் நெஞ்சிலேயே உள்ளது. நிமிர்ந்த கோட்டையின் நிலவறைக் குகைகளில் அலுகார்ட் ஓரிடத்தில் துயிலாழ்ந்து கனவு காண்கின்றான். தாய் லிசா கொலைக்களத்தில் கட்டுண்டிருக்கின்றாள்; மாந்தரைப் பகைக்குமாறு மகனைத் தூண்டும் சொல் அவள் வாயினின்றும் வருகின்றது. தாய் அவ்வாறு கூறியிராள் என அவன் உணர்ந்தவுடன், அவள் வடிவெடுத்து வந்த பேய்மகளின் உண்மை உருவம் வெளிப்படுகின்றது. கதையின் இறுதியில், தலைகீழ்க் கோட்டையில், வீழ்ந்து கிடக்கும் டிராகுலா தன் மனைவியின் இறுதிச் சொற்களை மகனிடம் கேட்கின்றான். மாந்தரை வெறுக்க வேண்டா என்றும், கணவன்பால் தான் கொண்ட அன்பு அழியாதது என்றும் அவள் கூறியதை மகன் எடுத்துரைக்கின்றான்.

ஒரு தாயின் இறுதிச் சொற்கள் இருவகையாக வருகின்றன. பொய்யாக வந்த இடம் நிமிர்ந்த கோட்டை. மெய்யாக வந்த இடம் தலைகீழ்க் கோட்டை. கோட்டைத்தலைவன் யார் என்னும் வினாவுக்கும் இவ்வாறே முன்னதில் பொய்விடையும் பின்னதில் மெய்விடையும் கிடைக்கின்றன. மாயை எனப் பெயரிட வேண்டுமாயின் முதற்கோட்டைக்கே அப்பெயர் பொருந்தும். தந்தையைக் கொல்லும் கடமை மகனுக்கு வாய்த்ததே இக்கதையின் அவலம். அக்கொலை ஒரு நிழலுலகில் நிகழ்ந்தது எனக் கொண்டால் அவலம் முழுதும் நீர்த்துப்போம். ஆடியுலகக் கொள்கையை ஏற்க நாம் தயங்குவதற்கு வரைபடத்தினும் இதுவே பெருங்காரணம்.

இதற்கு மாறாகத் தோன்றும் சான்றையும் மறைத்தலாகாது. தலைகீழ்க் கோட்டையில் இரசவாதக் கூடம் பிணமந்திரக் கூடமாகின்றது; நூலகம் விலக்கப்பட்ட நூலகமாகின்றது; அரச தேவாலயம் எதிர்த்தேவாலயம் எனப் பெயர் பெறுகின்றது. நிலத்தின் கீழ்க்கிடந்த கல்லறைகள் மிதக்கும் கல்லறைகளாக மேலெழுகின்றன. உண்மைக்குரிய இடமாயின் பெயர்கள் இத்துணைக் கொடியவாதல் ஏன்? டிராகுலாவின் கோட்டைக்குள் ஒரு தேவாலயம் என்றும் தேவாலயமாக இருந்ததில்லை. நிமிர்ந்த நிலையில் மறைந்திருந்த இயல்பைப் பின்வந்த பெயர் வெளிப்படுத்துகின்றது என்பது எம் விடை. எதிர்த்தேவாலயத்துக்கு இவ்விடை நன்கு பொருந்துகின்றது. நூலகத்துக்கு அத்துணைப் பொருந்தவில்லை.

இத்துணை ஆராய்ச்சி வேண்டா, ஒரு கோட்டையை வரைந்து இருமுறை பயன்கொண்ட சிக்கனமே இது என்பாரும் உளர். சிக்கனம் என்பதை மறுப்பாரில்லை. கோட்டை முழுதும் கண்டார்க்கு விளையாட்டு நூற்றின் மேலும் கணக்கிட்டு 200.6 விழுக்காடு வரை காட்டுகின்றது. ஆனால் எதுகை நோக்கி வந்த சொல்லாயினும், வந்த இடத்தில் பொருள் பயக்குமாயின் அப்பொருளை உரையாசிரியர் விடுவதில்லை.

பின்னர் 2002இல் வெளிவந்த 'ஹார்மனி ஆஃப் டிசொனன்ஸ்' என்னும் விளையாட்டிலும் இரட்டைக் கோட்டைகள் உள. அங்கு மாக்சிம் என்பவனின் உள்ளம் பிளவுண்டமையால் கோட்டையும் இரண்டாயிற்று எனக் கதையே காரணம் கூறுகின்றது. அதனை 1997ஆம் ஆண்டு விளையாட்டுக்கு ஏற்றிக் கூறுவோர் உளர். ஒரு நூலின் ஐயத்தை ஐந்தாண்டு பின்வந்த பிறிதொரு நூலின் விடைகொண்டு தீர்த்தல் முறையன்று. அங்குக் கோட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை, தலைகீழானவை அல்ல.

எஞ்சியது பெயர்ச்சான்று. அலுகார்ட் என்பது டிராகுலா என்பதன் எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் வருவது. ஆகவே மகன் தந்தையின் ஆடிநிழல், கோட்டையும் அவ்வாறே என்பர். இப்பெயர் இவ்விளையாட்டில் பிறந்ததன்று. 1943இல் வெளிவந்த 'சன் ஆஃப் டிராகுலா' என்னும் அமெரிக்கத் திரைப்படத்திலேயே வந்துள்ளது. மேலும் அத்திருப்பம் உரோமன் எழுத்தில் மட்டுமே செல்லும். நம் மாலைமாற்றுப் போல் உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்டு திருப்பினால் 'டிராகுலா' என்பது 'லாகுராடி' என்றாகுமே அன்றி அலுகார்ட் ஆகாது. சப்பானியர் எழுத்தும் அசையெழுத்தே ஆதலின், அதிலும் ஒன்றைத் திருப்பி மற்றொன்றைப் பெறல் இயலாது. விளையாட்டை ஆக்கியோர் தம் மொழியில் எழுதிய அப்பெயரில், கொள்கையினர் காணும் ஆடி இல்லை.