பாலே படித்தவர் வாத்தியாரான கதை

கொடுமுடி சுற்றுவட்டாரத்தில் சாவுக்கும் நோம்பிக்கும் தப்படித்து ஆடுகிறவரை ஊர்த்தெருவில் யாரும் ‘ஆசிரியர்’ என்று கூப்பிடுவதில்லை. அவரிடம் அடி கற்ற பையன்கள் இருப்பார்கள். எந்த அடிக்குக் கால் எங்கே விழணும் என்பது அவர் சொல்லித்தான் வந்திருக்கும். ‘அடிச்சா ஆடுவானுங்க, இதுல படிக்கறதுக்கு என்ன இருக்குது’ என்று ஊர் முடித்துக்கொள்ளும். ருக்மிணி தேவி அருண்டேலை நாம் இந்த இடத்தில் நின்றுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

1904ல் மதுரையில் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதில் வெள்ளைக்காரரான ஜார்ஜ் அருண்டேலைக் கல்யாணம் செய்துகொண்டார். சாதிச் சனம் கொதித்தது. அந்தத் துணிச்சலை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1928ல் பம்பாயில் ருஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்கு இருவரும் ஒரே கப்பலில் போனார்கள். பாவ்லோவா குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா சொன்னதாகப் புகழுரைகள் எழுதுகின்றன. தேடினாராம்! மயிலாப்பூர் கௌரி அம்மாள் ஆடிக்கொண்டுதான் இருந்தார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். தொலையாத பொருளைக் கண்டெடுத்த கதை இது.

அந்த இருவரிடமும் சதிர் கற்று, 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறினார். 1936ல் பள்ளியே தொடங்கிவிட்டார். அதுதான் கலாக்ஷேத்ரா. பாலே அவருக்குக் கொடுத்தது கால்பழக்கம் மட்டுமல்ல. வகுப்பு, பாடத்திட்டம், உடை, ஒளி, குழு என்று ஒரு நிறுவனத்தின் எலும்புக்கூடு அவர் கைக்கு வந்தது. அதற்குள் சதிரைக் கொண்டுவந்து, சிருங்காரத்தைக் கத்தரித்து, ‘தூய்மை’ செய்தார். சிருங்காரம் இல்லாமல் இந்த ஆட்டமே இல்லை என்று பாலசரஸ்வதி மறுத்து நின்றார். அழுக்கு ஆட்டத்திலா இருந்தது? ஆடியவள் பிறப்பில்தான் அதைப் பார்த்தார்கள். நட்டுவனார் விலகியபோது தாளத்தைத் தானே கையிலெடுத்தார். நட்டுவனார் இல்லாமலும் பள்ளி நடக்கும் என்றாகிவிட்டது. 1947 சட்டம் கோயிலாட்டத்தைத் தடை செய்தது. இசை வேளாளர் தலித் அல்லர். நம்மைத் தள்ளி வைத்தவர்கள்தான். ஆனாலும் சொல்லிக்கொடுத்தவரைப் பழங்கதையாக்கி, கற்றவர் குருவாகும் இந்த வித்தை நமக்குப் புதிதில்லை.

அதே 1935ல்தான் ‘நந்தனார்’ படமும் வந்தது. ரயிலில் பாடிப் பிழைத்த நம்ம கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். சம்பளம் லட்சம் ரூபாய். அந்தக் குரலுக்கு அது தகும். ஆனால் நந்தன் வேஷம் லட்சம் பெற்ற நாட்டில் நந்தனின் சனம் கோயில் வாசலுக்கு வெளியேதான் நின்றது. கலாக்ஷேத்ராவும் 1944ல் குற்றாலக் குறவஞ்சி போட்டது. குறத்தி வேஷம் மேடையேறியது. குறவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வகுப்பில் இடம் கேட்டது யார்?

பாலே ஆடி வாத்தியாரான இன்னொருவரையும் இங்கே பக்கத்தில் வைக்கணும். ஆர்தர் மிச்செல், நியூயார்க் ஹார்லெமில் 1934ல் பிறந்த கறுப்பர். 1955ல் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்து, அங்கே முதன்மைக் கலைஞரான முதல் கறுப்பர் ஆனார். 1957ல் ‘அகோன்’ என்ற ஆட்டத்தில் அவரும் ஒரு வெள்ளைப் பெண்ணும் சேர்ந்து ஆடியதைத் தொலைக்காட்சிக்காரர்கள் பல ஆண்டு காட்டவே மறுத்தார்கள். 1968ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். மிச்செல் ஹார்லெமுக்குத் திரும்பி ஒரு கார் கொட்டகையில் வகுப்பெடுத்தார். கதவைத் திறந்தே வைத்தார், தெருப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கட்டும் என்று. 1969ல், தன் வாத்தியாரான வெள்ளைக்காரர் காரெல் ஷூக்கைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு, ஹார்லெம் நடன அரங்கைத் தொடங்கினார். பிறகு காலுறையும் காலணியும் ஆடுகிறவரின் தோல் நிறத்துக்கே சாயமிடப்பட்டன. பாலே என்றால் இளஞ்சிவப்பு என்றிருந்ததை அந்தப் பிள்ளைகளின் கால்கள் மாற்றின.

இரண்டு பேருமே பாலே வகுப்பிலிருந்துதான் வந்தவர்கள். ஒருவர் அந்த முறையைக் கொண்டு, இருந்தவர் கையிலிருந்து ஒரு கலையை வாங்கினார். மற்றவர் பூட்டியிருந்த கலையை எடுத்துத் தெருவில் கொடுத்தார். நம் விமரிசகர்கள் முன்னவரை மரபு என்கிறார்கள். பின்னவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

தப்புக்குப் பள்ளி வேண்டாமா என்று கேட்டால் சிரிக்கிறவர்கள் நம்மிலும் உண்டு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளுக்கு வகுத்த பாடங்கள் ஏழு: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். நம்ம வரிப்பணமும் சேர்ந்துதான் அந்த ஏழு வாத்தியாருக்கும் சம்பளம் போனது.