மைனாவுக்கு என்ன சோகம்?

மைனாவோட அறிவியல் பெயர் அக்ரிடோதெரஸ் ட்ரிஸ்டிஸ். 'ட்ரிஸ்டிஸ்'னா லத்தீனில் சோகமான என்று அர்த்தம். இதைப் படித்த கையோடு பலரும் ஒரு குட்டிக் கதை கட்டிவிடுகிறார்கள்: ஜோடியை இழந்து தனியா உட்கார்ந்திருக்கும் மைனா. எங்க மொட்டைமாடியில் விடியற்காலையில் அதுங்க போடும் சண்டையைக் கேட்டவர் யாரும் இதை நம்பமாட்டார்.

அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்வதுதான் இங்கே தப்பு. அந்தச் சொல் மங்கலான நிறத்துக்கும் வரும். நாமும்தான் 'களையிழந்த' என்பதை முகத்துக்கும் சொல்கிறோம், பழைய புடவைக்கும் சொல்கிறோம்.

பெயர் வைத்தவர் லின்னேயஸ், 1766இல். அதற்கு ஆதாரம் பிரிசோன் 1760இல் எழுதிய வர்ணனை. பிரிசோன் அந்த மாதிரி பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது என்று தவறாக நினைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பாண்டிச்சேரி என்று திருத்தினார்கள். ஆக, இது நம்ம பக்கத்து மைனாதான்! லின்னேயஸ் இதைச் சொர்க்கப் பறவைகளின் பேரினத்தில் சேர்த்து பாரடைசியா ட்ரிஸ்டிஸ் என்றார். கால் வெட்டப்பட்ட தோல்களாக ஐரோப்பாவுக்கு வந்த நியூகினிப் பறவைக்கு 'காலில்லாத' என்ற பொருளில் அவர் 'அபோடா' என்று பெயர் வைத்ததும் இதே பேரினத்தில்தான். அந்தக் கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் பழுப்பு மைனா மங்கலாகத்தான் தெரியும். தவிர, காய்ந்த தோலில் அலகு, கால், கண்ணோரத்து மஞ்சளெல்லாம் வெளுத்துப்போகும். மிஞ்சுவது பழுப்புதான். அந்தப் பெயர் உயிருள்ள பறவைக்கு வைத்ததில்லை என்பது என் ஊகம்.

பேரினம் மாறியபோதும் ட்ரிஸ்டிஸ் அசையவில்லை. 'ஆல்பஸ், ஆல்பா' மாதிரியான சொல்லாக இருந்திருந்தால் பெண்பாலிலிருந்து ஆண்பாலுக்குப் போகும்போது விகுதி மாறியிருக்கும். இதற்கு இரண்டு பாலுக்கும் ஒரே வடிவம். பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற விலங்கியல் விதிகளிலும் இடமில்லை.

எனக்குப் பிடித்தது முன்பாதிதான். அக்ரிடோதெரஸ் என்றால் கிரேக்கத்தில் வெட்டுக்கிளி வேட்டைக்காரன். அது பறவை செய்யும் வேலையைச் சொல்கிறது. 1816இல் அதை வைத்த வியேயோ, அடுத்த வருஷமே சாம்பல் கழுத்துள்ள நம்ம வீட்டுக் காக்காவுக்கு கார்வஸ் ஸ்பிளெண்டென்ஸ், அதாவது 'பளபளக்கும் காகம்' என்று பெயர் வைத்தார். மைனாக்களிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.