ஏடிஆரில் தொடங்கும் வேலை: ஏனாத்தூரும் இரத்மலானையும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் விமானம் என்று பேச்செடுத்தால் அது பரந்தூரில் போய்த்தான் நிற்கும். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கேதான் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்ததிலிருந்து அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 13 ஊர்கள், 5,000 ஏக்கருக்கு மேல் நிலம். எந்த ஏரி போகும், யார் வீடு போகும் என்பதுதான் டீக்கடையில் பேச்சு. பேச வேண்டிய பேச்சுதான். ஆனால் அங்கே வந்து இறங்கப்போகும் விமானங்களை ஓட்டப்போவது யார் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஏனாத்தூரில் எங்கள் தெருவில் இருக்கும் தறிக்காரர் ஒருவரின் மகள் கேட்டாள். பிளஸ் டூ படிக்கிறாள், கணிதமும் இயற்பியலும் உள்ள குரூப். "அண்ணா, பைலட் ஆவணும்னா எங்க சேரணும்? எவ்ளோ செலவாவும்?" அவள் அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது இலங்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்திலும் இதே வயதில் இதே கேள்வியோடு பிள்ளைகள் இருக்கிறார்கள். விதிமுறைகள் இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒன்று. இரண்டுக்கும் அடிப்படை ஐசிஏஓ என்ற பன்னாட்டு அமைப்பின் அளவுகோல். ஆனால் லைசென்ஸ் கைக்கு வந்தபிறகு முதல் வேலை எந்த விமானத்தில் என்று பார்த்தால் இரண்டு நாடும் வெவ்வேறு திசையில் நிற்கின்றன.

பைலட் என்றதும் நம் மனதில் வருவது துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகும் பெரிய ஜெட். முதல் வேலைக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. பக்கவாட்டில் இரண்டு புரொப்பெல்லர் சுழல, 70 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் போகும் ஏடிஆர் 72 அந்த வாசல். டர்போபிராப் என்பார்கள். ஜெட்டைப் போன்ற டர்பைன் எஞ்சின்தான், ஆனால் அதன் சக்தி பெரும்பாலும் புரொப்பெல்லரைச் சுழற்றவே போகிறது. மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் போகும், குறைந்த எரிபொருள் போதும், சின்ன ரன்வேயில் இறங்கும். நீண்ட காலம் தூத்துக்குடி ரன்வே 1,350 மீட்டர்தான் இருந்தது. அந்த ஊருக்கு விமானம் இருந்தது என்றால் இந்த வகையால்தான்.

புரொப்பெல்லர் விமானம் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியிலிருந்து கடற்படையின் டியூ-142 விமானங்கள் 2017 மார்ச் வரை பறந்தன. நாலு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர். அந்த உறுமலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்தியாவில் இந்த வாசல் பழையது. 1985 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் போன ஃபோக்கர் எஃப்27 விமானத்தை கேப்டன் சௌதாமினி தேஷ்முக்கும் துணை விமானி நிவேதிதா பாசினும் ஓட்டினார்கள். விமானி இருக்கை இரண்டிலும் பெண்களே இருந்த அந்தப் பயணம் டர்போபிராப்பில் நடந்தது. 2003 ஆகஸ்டில் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்குப் பறக்கத் தொடங்கியதும் ஏடிஆரில்தான். 'சூரரைப் போற்று' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கதையின் சாயல் தெரியும். 2017 ஏப்ரலில் சின்ன ஊர்களை இணைக்கும் அரசின் உடான் திட்டத்தின் முதல் விமானம், அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் 42, சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் இண்டிகோவும் ஏடிஆர் வாங்கி ஓட்டத் தொடங்கியது. அதுவரை ஏர்பஸ் மட்டுமே வைத்திருந்த கம்பெனி அது. இன்று ஏடிஆர் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) வேலை இந்தியாவில் நிலையான ஒரு படி. சேர்ந்து சில வருஷம் பறந்து, 1,500 மணி நேரம் சேர்த்து, கேப்டனாகத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸை வாங்கி, கேப்டன் இருக்கைக்குப் போகிறவர்கள் உண்டு. நடுவில் ஏர்பஸ் ஏ320 ஜெட்டுக்கு மாறுகிறவர்களும் உண்டு.

இலங்கையின் கதை நடுவில் அறுந்துபோனது. 1935 நவம்பர் 27 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய விமானத்தை ஓட்டி வந்தவர் டிண்டேல் பிஸ்கோ. அவர் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். கொழும்பின் வானத்தைத் திறந்து வைத்தவர் சென்னையில் பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தவர் என்பது இரண்டு ஊர்க்காரர்களும் நினைவில் வைத்திருக்க வேண்டிய விஷயம். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் பயணமாக இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. டகோட்டா விமானம். பிறகு ஆவ்ரோ 748 என்ற டர்போபிராப் வந்தது. யாழ்ப்பாணத்தார் காலையில் தங்கள் ஊர்ப் பலாலி விமான நிலையத்தில் ஏறிக் கொழும்பில் வேலையை முடித்து வந்த காலம் அது.

1978 செப்டம்பரில் அந்த ஆவ்ரோக்களில் ஒன்று இரத்மலானையில் குண்டுவெடிப்பில் அழிந்தது. ஏர் சிலோன் மூடப்பட்டு 1979-இல் ஏர் லங்கா பிறந்தது. அது ஜெட்டுகளோடு வெளிநாட்டுப் பக்கம் பார்த்தது. போர் வந்தது. 1990-இல் பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். வீடும் தோட்டமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1998 செப்டம்பரில் பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏரின் அன்டோனோவ் 24 மன்னார் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். அதுவும் டர்போபிராப்தான். உள்நாட்டு விமானப் போக்குவரத்து என்ற தொழிலே அந்த ஆண்டுகளில் நொடிந்தது. ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு அந்த வாசல் இல்லாமலே போனது.

இன்று அங்கே உள்நாட்டில் டர்போபிராப் ஓட்ட முக்கியமாக இரண்டு வழி. ஒன்று சினமன் ஏர் போன்ற கம்பெனிகளின் செஸ்னா காரவான். ஒற்றை எஞ்சின், எட்டுப் பேர் உட்காரலாம். சிகிரியாவுக்கும் திருகோணமலைக்கும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும். மிதவை பொருத்தியது நீர்த்தேக்கத்திலேயே இறங்கும். இன்னொன்று விமானப்படையின் ஹெலிடூர்ஸ். சீனத் தயாரிப்பான எம்ஏ60 போன்ற விமானங்களில் பொதுமக்களையும் ஏற்றும். ஆனால் விமானி இருக்கையில் இருப்பவர் படை அதிகாரி. அந்த இருக்கைக்குப் போக முதலில் சீருடை போட வேண்டும். வலிகாமம் வடக்கில் வீட்டை இழந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு தூரத்து வழி என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே இலங்கையில் லைசென்ஸுக்கான 200 மணி நேரப் பறத்தலை முடித்த இளைஞர் பெரும்பாலும் தான் படித்த பள்ளியிலேயே பயிற்சியாளராகத் தங்கி மணி நேரம் சேர்க்கப் பார்க்கிறார். அல்லது ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் பயிற்சி விமானிகளை எடுக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார். டர்போபிராப் சந்தை பெரிதாக இருப்பது பக்கத்து மாலைதீவில். ட்வின் ஆட்டர் கடல் விமானங்கள், டேஷ் 8, ஏடிஆர் எல்லாம் அங்கே ஓடுகின்றன.

ஆனால் ஒரு விஷயத்தில் இலங்கைப் பிள்ளைக்கு நம் பிள்ளையைவிட வசதி அதிகம். நாட்டின் பறக்கும் பள்ளிகள் பல ஒரே இடத்தில், கல்கிசையை அடுத்த இரத்மலானையில், வரிசையாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில் ஏறினால் ஒரே நாளில் போய்ச் சேரலாம். தேர்வு நடத்தும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையும் கொழும்புப் பக்கமே. பயிற்சியும் தேர்வும் அதிகாரியும் ஒரு பேருந்து தூரத்தில் இருக்கிறார்கள்.

ஏனாத்தூர்ப் பெண்ணுக்கு அப்படி இல்லை. மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் என்று ஒரு காலத்தில் கொழும்புக்கே வழிகாட்டிய நகரத்தில் இன்று பிள்ளைகளை அனுப்பக் கை நீட்டிக் காட்ட ஓர் இடம் இல்லை. மைசூருக்கோ மகாராஷ்டிரத்துக்கோ, ரேபரேலி பக்கம் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் அரசின் இந்திரா காந்தி அகாடமிக்கோ போகிறார்கள். பணம் இருப்பவர்கள் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய் முடித்து வந்து இங்கே லைசென்ஸை மாற்றிக்கொள்கிறார்கள். எங்கே படித்தாலும் அரைக் கோடி ரூபாயை ஒட்டிச் செலவாகிறது. ஏடிஆர் ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் தனிச் செலவு. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். தறியும் ஒரு வாசல் வீடும் வைத்திருக்கும் குடும்பம் என்ன ஈடு கொடுக்கும்? இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 5,000 ஏக்கருக்கு மேல் நிலத்தைக் கேட்கும் அரசு, அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் கட்டக்கூடிய கட்டணத்தில் ஒரு பறக்கும் பள்ளியை நடத்துவேன் என்று வாக்குக் கொடுக்கலாம். நிலம் போகிற வலிக்கு அது ஈடாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டும். பலாலி ஓடுபாதைக்காக நிலம் இழந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அதே உரிமை உண்டு.

சின்ன விமானத்தில் தொடங்குவதைத் தாழ்வாக நினைப்பவர்கள் இரண்டு நாட்டிலும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏடிஆரில் ஆட்டோ த்ராட்டில் கிடையாது, எஞ்சின் சக்தியைக் கையால்தான் ஏற்றி இறக்க வேண்டும். இறக்கையின் திசைமாற்றிகளுக்கும் கைக்கும் நடுவில் கம்பி இணைப்புதான், கணினி இல்லை. ஜெட் 35,000 அடியில் மேகத்துக்கு மேலே போய்விடும். ஏடிஆர் 20,000 அடிக்குக் கீழேயே பெரும்பாலும் இருக்கும், வடகிழக்குப் பருவமழையின் நடுவே ஊடுருவித்தான் போக வேண்டும். பயணிகள் பின்பக்கக் கதவு வழியாக ஏறுவதால், ஏறும் நேரத்தில் வால் தரையில் சாயாதபடி அடியில் ஒரு தாங்கு கம்பியை நிறுத்தியிருப்பார்கள். கிளம்புமுன் அதை எடுத்தார்களா என்று சுற்றிவந்து பார்ப்பதும் பயிற்சியின் பகுதி. வலப்பக்க எஞ்சினின் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுத் தரையில் மின்சாரம் எடுக்கும் முறையும் இதில் உண்டு. ஒரு நாளில் நாலு முறை கிளம்பி நாலு முறை இறங்கும் புது ஃபர்ஸ்ட் ஆபீசருக்குக் கைக்கு வரும் பழக்கம், நீண்ட தூரம் போகும் ஜெட்டில் அவ்வளவு சீக்கிரம் வராது.

அதனாலேயே கவனமும் கூடுதலாக வேண்டும். 2023 ஜனவரியில் நேபாளத்தின் போக்ராவில் எட்டி ஏர்லைன்ஸ் ஏடிஆர் விழுந்து 72 பேர் இறந்தார்கள். ஃபிளாப் நெம்புகோலுக்குப் பதிலாக எஞ்சின் கண்டிஷன் நெம்புகோல்களை இழுத்ததால் புரொப்பெல்லர்கள் விசையிழந்தன என்று விசாரணை சொன்னது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பிடிகள். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் அந்த அறிக்கையைப் படிக்கக் கொடுக்க வேண்டும். இலங்கைக் காரவானிலும் பொறுப்பு குறைவில்லை. எட்டுப் பேர் விமானத்தில் ஒவ்வொருவரின் எடையும் கணக்கில் வரும். நீர்த்தேக்கத்தில் காற்று எந்தப் பக்கம் என்பதை அலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் நேரடியாகச் சேர்ப்பதும் இந்த ரக விமானம்தான். 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் ஏடிஆர் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறந்தது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. பலாலி ரன்வே 1,400 மீட்டர் அளவில் இருப்பதால் பெரிய ஜெட்டுக்கு வழியில்லை, ஏடிஆருக்கு அது போதும். ஆனால் அந்த விமானத்தின் இருக்கைகளில் யாழ்ப்பாணத்துப் பயணிகள் இருக்கிறார்கள், ஓட்டுபவர்கள் இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள். இலங்கைத் தரப்பில் அந்தத் தடத்தில் பறக்கும் கம்பெனி ஒன்று வந்தால் அங்கத்தைய பிள்ளைகளுக்கும் அந்த வாசல் மறுபடி கிடைக்கும். 1947-இல் கிடைத்ததுதானே.

எங்கள் தெருப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: "பணம் பத்தி அப்பா இப்பவே தலையைப் பிடிச்சுக்க வேணாம்மா. முதல்ல கிளாஸ் டூ மெடிக்கல் எடுத்துடு. கண்ணு, நிறம் பார்க்கறது, காது எல்லாம் பார்ப்பாங்க. அதுல ஏதாவது சிக்கல்னா மத்த செலவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். அப்புறம் கிளாஸ் ஒன் மெடிக்கல் எடுக்கணும். லைசென்ஸ் தர்ற டிஜிசிஏவுல தேர்வுக்கான கம்ப்யூட்டர் நம்பர் வாங்கி ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி பேப்பருக்கு வீட்டுலேர்ந்தே படிக்கலாம், 70 மார்க் வேணும். அதைப் பாஸ் பண்ணிட்டு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறதுன்னு யோசிப்போம்." அவள் அப்பா மெடிக்கலுக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார். அந்தத் தொகை அவரால் முடியும்.