புல் போர்த்திய பெண்: நார்தம்பர்லாண்டியாவும் 'மீட்பு' என்ற சொல்லும்

நார்தம்பர்லாண்டியா என்று தேடினால் முதலில் வந்து நிற்பது வானத்திலிருந்து எடுத்த படம்தான். பச்சைப் புல் போர்த்திய ஒரு பெண் மல்லாந்து படுத்திருக்கிறாள். முகம், மார்பு, இடுப்பு, கால், பக்கத்தில் நீர்நிலைகள். உயரம் 34 மீட்டர், நீளம் 400 மீட்டர். பிரச்சினை என்னவென்றால், அந்தப் படத்தில் இருக்கிற பெண்ணை அங்கே நடந்து போகிற யாரும் பார்ப்பதில்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசிலுக்கு வடக்கே 15 கிலோமீட்டர் போல, கிராம்லிங்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்கள், ஆங்கிலத்தில் அதையே நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போவது என்பார்கள். அந்த அளவுக்கு நிலக்கரிப் பூமி. ஷாட்டன் திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரிக்காகத் தோண்டிய 15 லட்சம் டன் பாறை, களிமண், மேல்மண்ணைக் கொண்டு செய்த உருவம் இது. 2012இல் திறந்தார்கள். 46 ஏக்கர் சமூகப் பூங்கா, 4 மைல் நடைபாதை, அனுமதி இலவசம். நெய்வேலிப் பக்கம் போனவர்களுக்கு சுரங்க மண்மேடு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 20 டன் லாரி என்று கணக்குப் போட்டால் 75,000 நடை.

வடிவமைத்தவர் சார்லஸ் ஜென்க்ஸ். தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகளில் பின்நவீனத்துவச் சண்டைகளைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1972 ஜூலை 15, மதியம் 3.32க்கு நவீன கட்டடக்கலை செத்துப்போனது என்று எழுதினாரே, அவரேதான். செயின்ட் லூயிஸ் நகரத்தில் ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பை வெடிவைத்துத் தகர்த்ததைத்தான் அப்படிச் சொன்னார். அவருடைய முக்கியமான கருத்து 'இரட்டைக் குறியீடு'. ஒரு கட்டடம் விஷயம் தெரிந்தவனிடம் ஒன்றும், தெருவில் போகிறவனிடம் இன்னொன்றும், ஒரே நேரத்தில் பேச வேண்டும். சரி, அவர் போட்ட அளவுகோலை வைத்தே அவருடைய மண்மேட்டை அளந்து பார்க்கலாமே என்றுதான், வேலை விஷயமாக நியூகாசிலில் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை போனேன்.

நடக்கும்போது என்ன நடக்கிறது? பாதை வளைகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. காற்று காதை அறைகிறது. ஒரு மேட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, நாயோடு வந்த ஒரு பெரியவரிடம் "இது எந்தப் பாகம்?" என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "முழங்காலா இருக்கலாம். எனக்குப் பேப்பர்ல பார்த்தாத்தான் தெரியும்" என்றார். வாரத்தில் நாலு நாள் வருகிறவராம். உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் உடம்பின் போக்கு கொஞ்சம் பிடிபடுகிறது. அதுவும் ஏற்கெனவே படம் பார்த்திருப்பதால்தான். எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. உருவம் கரைந்துபோன பிறகு மிச்சமிருக்கிற மேடு ரொம்ப நல்ல மேடு. பிள்ளைகள் சரிவில் உருள்கிறார்கள், தெளிவான நாளில் வடமேற்கே செவியட் மலைகள் தெரியும். பூங்காவாக இது ஜெயித்துவிட்டது. ஆனால் ஜெயித்தது பெண்ணால் அல்ல. பெண் படத்துக்காக இருக்கிறாள். எங்கள் துறையில் இதற்கு டெமோ என்று பெயர். கஸ்டமர் பயன்படுத்துவது வேறு, மேடையில் காட்டுவது வேறு.

அந்த டெமோ யாருக்காக? இங்கேதான் 'மீட்பு' என்ற சொல் வருகிறது. இந்த மாதிரி இடங்களை மீட்கப்பட்ட நிலம் என்று எழுதுவது வழக்கம். தமிழில் மீட்பது என்றால் அடகு வைத்த நகையைத் திருப்புவது. யார் அடகு வைத்தார்கள், யார் வட்டி கட்டினார்கள், திரும்பி வந்தது அதே நகைதானா என்ற கேள்விகள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. நார்தம்பர்லாண்டியாவின் விஷயத்தில் பதில் வேடிக்கையானது. பெண் படுத்திருப்பது தோண்டி மூடிய குழியின் மேல் அல்ல, சுரங்கத்தை ஒட்டிக் கூடுதலாக ஒதுக்கிய நிலத்தில். நிலம் ரிட்லி குடும்பத்தின் பிளாக்டன் எஸ்டேட்டுடையது. செலவு சுமார் 30 லட்சம் பவுண்டு, எஸ்டேட்டும் சுரங்கம் நடத்திய பேங்க்ஸ் நிறுவனமும் ஏற்றுக்கொண்டன. பக்கத்தில் சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூங்காவைத் திறந்துவிட்டார்கள். 'முதலில் மீட்பு' என்பது அவர்கள் வைத்த பெயர். அதாவது நகை இன்னும் கடையில்தான் இருக்கிறது, அதுவரை போட்டுக்கொள்ள வேறொரு நகையைக் கொடுத்திருக்கிறார்கள்.

கிண்டலாகச் சொன்னாலும் இதை நான் முழுசாக நிராகரிக்க மாட்டேன். 'கடைசியில் மீட்பு' என்ற வழக்கமான ஏற்பாடு எப்படி முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்து சாட்சி. 2013இல் ஸ்காட்டிஷ் கோல் நிறுவனம் திவாலானபோது அதன் திறந்தவெளிச் சுரங்கங்கள் பல வெறும் குழிகளாக நின்றன. சீரமைப்புக்கென்று பிணையாக வாங்கி வைத்திருந்த பணம் போதவில்லை. தோண்டி முடித்த பிறகு கம்பெனியே இல்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? கையில் காசு இருக்கும்போதே செய்ய வைப்பது புத்திசாலித்தனம். ஆனால் சுரங்கக் குழியைச் சீரமைப்பது தனிக் கடமை. அதையும் இந்தப் பூங்காவையும் ஒரே சொல்லால் குறிப்பதுதான் உறுத்துகிறது. ஒன்று கடன் அடைப்பது, மற்றொன்று அன்பளிப்பு.

உருவத்துக்கே வருகிறேன். விளக்கக் குறிப்புகள் சுரங்கத்தை மறைப்பதில்லை, ஜென்க்ஸின் வடிவம்தான் மறைக்கிறது. தோண்டிய மண்ணைக் குவித்து, அதற்கு ஒரு பெண்ணின் அமைதியான தூக்கத்தைக் கொடுத்தால், தோண்டியதே அவளுக்குச் சுகமாக இருந்தது போல ஆகிவிடுகிறது. நிலத்தைப் பெண்ணாக்குவது நமக்கும் பழக்கமான காரியம்தான், ஆகவே அந்த வசதி என்னவென்று நமக்கு நன்றாகவே தெரியும். இதே வட்டாரத்தில் கேட்ஸ்ஹெட்டில், 1998இல் ஆன்டனி கோர்ம்லி நிறுத்திய 'வடக்கின் தேவதை' இருக்கிறது. 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் இறக்கை, துருப்பிடித்த எஃகு. ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் குளியலறைகள் இருந்த இடத்தில் நிற்கிறது. அந்தத் துருவைப் பார்த்தாலே அங்கே என்ன வேலை நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். நார்தம்பர்லாண்டியாவின் புல்லைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது.

ஊர்க்காரர்கள் விட்டார்களா? 'ஸ்லாக் ஆலிஸ்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஸ்லாக் என்றால் கழிவுக் குவியல், பேச்சு வழக்கில் பெண்களைக் குறித்த மட்டமான வசையும்கூட. நாகரிகமான பெயர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜென்க்ஸ் கேட்ட இரட்டைக் குறியீடு கச்சிதமாக இருப்பது அந்தப் பட்டப்பெயரில்தான். சிற்பம் விட்டுவிட்ட சுரங்கத்தை ஒரே சொல்லில் திரும்பக் கொண்டுவந்து அவள் மேலேயே கொட்டிவிட்டார்கள்.

ஜென்க்ஸுக்கே இது உறைத்ததோ என்னவோ. மூன்று வருடம் கழித்து, 2015இல், ஸ்காட்லாந்தின் சான்கர் ஊருக்கு அருகே கைவிடப்பட்ட ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் 'கிராவிக் மல்டிவெர்ஸ்' என்ற நிலக்கலை பூங்காவை அமைத்தார். 55 ஏக்கர். அங்கேயே கிடந்த பாறைகளைத் தூக்கி நிறுத்தினார், சுமார் 2,000 பாறைகள். தலைப்பு என்னவோ அண்டங்கள், விண்மீன் மண்டலங்கள் என்று பெரிசாகத்தான் போகிறது. நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் படத்திலேயே அது கீறப்பட்ட இடம் என்று தெரிகிறது. மீட்பு என்ற சொல்லை அதற்குக் கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரே யோசனை. வான்படத்தை முதலில் பார்க்காதீர்கள். மேட்டில் ஏறுங்கள், பிள்ளைகள் இருந்தால் உருள விடுங்கள், மழை பெய்திருந்தால் சரிவு வழுக்கும், நல்ல செருப்பு வேண்டும். பிறகு கார் இருந்தால் கிழக்கே நியூ ஹார்ட்லி வரை போய்வாருங்கள். 1862 ஜனவரி 16 அன்று, அங்கே நீரிறைக்கும் எந்திரத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து, சுரங்கத்தின் ஒரே வாயிலை அடைத்துவிட்டது. உள்ளே இருந்த 204 பேர், சிறுவர்கள் உட்பட, செத்துப்போனார்கள். சுரங்கத்துக்கு இரண்டு வழி இருந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வாயில் இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்னத் தோட்டம் இருக்கிறது. வானத்திலிருந்து படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது.